வண்டி இழுக்க மாட்டேங்கி சார்!

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. சீசன் தொடங்கிருச்சு, சாரல் விழுது, குற்றாலம் ரோட்டுல பைக் சத்தமும் கூடிருச்சு. இப்போ எழுதாம எப்போ எழுதறது? பைக் வச்சிருக்கவங்களும், பைக் கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளை வச்சிருக்கவங்களும் ஒரு டீயைப் போட்டுட்டு வந்து உக்காருங்க.

போன வாரம் ஓபியில ஒரு தம்பி. இருபது வயசு. வலது காறை எலும்பு முறிஞ்சு, கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டு, மூணாவது வாரம் ரிவியூவுக்கு வந்திருந்தான். எக்ஸ்ரே பாத்தாச்சு, எலும்பு நல்லாக் கூடிக்கிட்டு வருது. எந்திரிச்சுப் போறவன் திரும்பி நின்னு, "சார், ஒண்ணு கேட்டா ஏச மாட்டீங்களே?" ன்னான்.

கேளுப்பான்னேன்.

"நீங்களும் பைக் ஆளுன்னு சிஸ்டர் சொன்னாங்க. என் வண்டி ஆர்15, வி3. கீழ இழுக்கவே மாட்டேங்கி சார். கல்யாண வீட்டுல பந்தி பரிமாறி 30,000 சேத்து வச்சிருக்கேன். ஃபுல் சிஸ்டம் சைலன்சரும் ஈசியு ரீமேப்பும் போட்டா நாலு குதிர கூடும்னு கடையில சொல்லுதாங்க. போடட்டுமா?"

வெளிய அவங்க அம்மா நின்னாங்க. அதனால குசுகுசுன்னுதான் கேட்டான்.

ஏசலை. 30,000 ரூபாய்னா எத்தனை பந்தி, எத்தனை ராத்திரின்னு எனக்கும் தெரியும். ஆனா பின்னாடி அறுபது பேர் வரிசையில நின்னா அஞ்சு நிமிஷத்துல என்ன சொல்ல முடியும்? சுருக்கமாச் சொல்லி அனுப்பினேன். முழுப் பதில் இதுதான். (நோயாளிகள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

முதல்ல, குதிரைத்திறன்னா என்னன்னு பாத்திரலாம். 75 கிலோ எடையை ஒரு செகண்டுல ஒரு மீட்டர் உயரம் தூக்குற வேலைதான் ஒரு பிஎஸ். நல்ல திடகாத்திரமான ஆளை ஸ்ட்ரெச்சரோட அல்ல, தனியா, ஒரே செகண்டுல இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்க, புரியும். வாட் கணக்குல சுமார் 735. ஆரோக்கியமான ஒரு மனுஷன் சைக்கிள் மிதிச்சு ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கிற சக்தி 100 வாட் பக்கம். ஒரு குதிரையில ஏழுல ஒரு பங்கு. அந்தத் தம்பியோட வண்டியில இருக்கிறது 19 குதிரை. அதாவது நூத்தி முப்பது நூத்தி நாப்பது பேர் சேர்ந்து மிதிக்கிற சக்தியை ஒரு கை மணிக்கட்டு திருகுது. இதை மனசுல வச்சுக்கோங்க.

இப்போ ஸ்பெக் ஷீட்டைப் பாருங்க. 19 பிஎஸ்னு பெருசாப் போட்டிருப்பான். பக்கத்துலயே சின்னதா "10,000 ஆர்பிஎம்"னு இருக்கும். அங்கதான் விஷயமே. தென்காசி பெரிய கோயில் முன்னாடி ஆட்டோவுக்கும் மினிபஸ்சுக்கும் நடுவுல ஊர்ந்து போகும்போது உங்க இன்ஜின் மூணாயிரம் நாலாயிரத்துல சுத்தும். அந்தச் சுத்துல இன்ஜின் கொடுக்கிறது அந்த 19-ல பாதி கூட இருக்காது. சைலன்சர், ரீமேப், ஓபன் ஃபில்டர் எல்லாம் பெரும்பாலும் கூட்டுறது மேல் ஆர்பிஎம் பவரை. தம்பி கேக்கிறது கீழ் ஆர்பிஎம் இழுவையை. வயித்து வலிக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்ட கதைதான்.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. அசதியா இருக்குன்னு வர்றவங்களுக்கு நாங்க உடனே டானிக் எழுதறது இல்ல. ரத்தம் எவ்ளோ இருக்கு, சுகர் எவ்ளோ, தைராய்டு எப்படின்னு பாப்போம். வண்டிக்கும் அதான். இழுக்க மாட்டேங்குதுன்னு சொல்ற வண்டிகளை நம்ம மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட விட்டுப் பாருங்க. செயின் காய்ஞ்சு துரு ஏறிக் கிடக்கும். டயர்ல காத்து இருக்க வேண்டியதுல பாதி இருக்கும். பின் பிரேக் லேசா ஒட்டிக்கிட்டே சுத்தும். கிளட்ச் பிளேட் தேய்ஞ்சிருக்கும். ஏர் ஃபில்டர்ல ஆலங்குளம் ரோட்டு மண் பூராவும் குடியிருக்கும். வால்வு கிளியரன்ஸ்னு ஒண்ணு உண்டுன்னே பல பேருக்குத் தெரியாது. இதையெல்லாம் சரிபண்ணினாலே தொலைஞ்சுபோன குதிரைங்க பாதி திரும்பி வந்துரும். தம்பி வண்டி செகண்ட் ஹேண்டுல வாங்கினது. கடைசியா எப்போ சர்வீஸ் விட்டன்னு கேட்டேன். சிரிச்சான்.

சரி, எல்லாம் சுத்தமா இருக்கு, இன்னும் கீழ இழுவை வேணும்னா? ஸ்ப்ராக்கெட். இது பத்தி யாரும் ரீல்ஸ் போட மாட்டாங்க, ஏன்னா சத்தம் வராது. அந்த வண்டியில முன்னால 14 பல், பின்னால 48 பல். முன்னால 13 பல் போட்டா பின் சக்கரத்துல இழுவை சுமார் 7.7 சதவீதம் கூடும். ஓசியில் இல்ல. அதே ஆர்பிஎம்முக்கு வேகம் 7 சதவீதம் குறையும், நாலுவழிச் சாலையில 80-ல போகும்போது இன்ஜின் அதிகமா அலறும், மைலேஜ் இறங்கும், சின்ன ஸ்ப்ராக்கெட்டுல செயின் சீக்கிரம் தேயும். குதிரை ஒண்ணு கூடக் கூடல, பாத்தீங்களா? இருக்கிற குதிரையை எங்க உபயோகிக்கிறதுன்னு மாத்திக்கிட்டோம், அவ்ளோதான். மலைக்கு ஏறும்போது சைக்கிள்ல கியர் மாத்துற மாதிரி. ஊருக்குள்ள ஓட்டுறவனுக்கு நான் பாத்த வரைக்கும் காசுக்கு ஏத்த பலன் இதுலதான்.

இனி மூச்சு விஷயத்துக்கு வருவோம். இது எனக்குப் பிடிச்ச ஏரியா.

இன்ஜின்கிறது ஒரு நுரையீரல். ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிராம் காத்து வேணும். அதிகப் பவர் வேணும்னா அதிகப் பெட்ரோல் எரியணும், அதுக்கு அதிகக் காத்து உள்ள போகணும், எரிஞ்ச புகை சடசடன்னு வெளிய போகணும். ஓபன் ஏர் ஃபில்டர், பெரிய திராட்டில் பாடி, ஹெட் போர்ட்டிங், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் தத்துவம். தத்துவம் சரி. ஆனா மூக்குல முடி ஏன் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? நம்ம பக்கம் கல்குவாரி தூசி, செம்மண், ரோடு வேலை. சந்தையில கிடைக்கிற மட்டமான ஓபன் ஃபில்டர் மாட்டினா அந்தத் தூசி நேரா சிலிண்டருக்குள்ள போய் பிஸ்டன் ரிங்கை உப்புக்காகிதம் மாதிரி தேய்க்கும். ஒரு வருஷம் கழிச்சு வெள்ளைப் புகை அடிச்சுக்கிட்டு போற வண்டிகளைப் பாத்திருப்பீங்க. நாள்பட்ட நுரையீரல் நோயாளியேதான்.

சைலன்சர் மட்டும் மாத்திட்டு ஈசியுவைத் தொடாம விட்டா? காத்து கூடிரும், பெட்ரோல் கூடாது. லீன் மிக்சர்னு சொல்லுவாங்க. லீனா எரியுற இன்ஜினுக்குக் காய்ச்சல் வரும். சூடு ஏறி, பிளக் பொறி விடுறதுக்கு முன்னாடியே கண்ட இடத்துல வெடிச்சு, கடைசில பிஸ்டன் தலையில ஓட்டை. ஆக்சிஜன் சென்சார் இருக்கேம்பீங்க. அது நிதானமா ஓட்டும்போது சமாளிக்கும். முழுசாத் திருகும்போது இன்ஜின் அதோட பேச்சைக் கேக்காது, உள்ள எழுதி வச்ச கணக்கைத்தான் பாக்கும். அதனாலதான் ரீமேப். சரியான ஆள், டைனோ மிஷின்ல வண்டியை ஏத்தி, அளந்து, திருத்தி, மறுபடியும் அளந்து பண்ணணும். லேப்டாப்பை சொருகி பத்து நிமிஷத்துல "முடிஞ்சுது ப்ரோ"ங்கறவர்கிட்ட வண்டியைக் கொடுக்கிறது, ரத்தப் பரிசோதனை இல்லாம இன்சுலின் போட்டுக்கிற மாதிரி.

இதெல்லாம் ஒழுங்காப் பண்ணினாலும் 150 சிசி வண்டியில கூடுறது ஒண்ணு ரெண்டு குதிரை. நாலு குதிரைன்னு சொல்றவர்கிட்ட, "முன்னாடி பின்னாடி டைனோ ஷீட் காட்டுங்கண்ணே"ன்னு கேளுங்க. பேச்சு மாறும்.

இடையில ஒரு சின்ன கதை. எங்க மாமாகிட்ட ஆர்எக்ஸ் 100 இருந்தது. 1985 கடைசியில வந்து 1996-ல நின்னுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரை. இன்னைக்கு ஸ்கூட்டர் பக்கத்துல வச்சாலும் பேப்பர்ல பெருசா ஒண்ணும் தெரியாது. ஆனா சிக்னல்ல கிளம்பினா அந்தக் காலத்துல யாரும் பக்கத்துல வர முடியாது. காரணம் ரெண்டு. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான். ரெண்டாவது, மொத்த வண்டியே நூறு கிலோ சொச்சம். அதுக்கும் அடங்காத பசங்க சைலன்சருக்குள்ள இருக்கிற குழாயை உருவிட்டு ஓட்டுவாங்க. சத்தம் ஊரைக் கூட்டும், இழுவை முன்னைவிடக் குறையும். ஏன்னா டூ ஸ்ட்ரோக் சைலன்சரோட அந்த வடிவமே, வெளிய ஓடப் பாக்குற பெட்ரோல் கலவையை அழுத்த அலையால திருப்பி சிலிண்டருக்குள்ள தள்ளத்தான். மாமா சிரிப்பாரு: "சத்தம் போகுதுல, வண்டி பின்னாலேயே வருது."

இந்த எடை விஷயம் ரொம்ப முக்கியம், இதை யாரும் கவனிக்கிறது இல்ல. வண்டி 140 கிலோ, ஓட்டுற ஆள் 80 கிலோன்னு வைங்க. மொத்தம் 220. இதுல 10 கிலோ குறைச்சா, பவரை நாலரை சதவீதம் கூட்டின மாதிரி பலன். 19 குதிரை வண்டிக்கு அது கிட்டத்தட்ட ஒரு குதிரை. கார்பன் ஃபைபர் போட்டு வண்டியில 10 கிலோ குறைக்க லட்சக்கணக்குல ஆகும். ஓட்டுறவர் தன் மேல 10 கிலோ குறைக்க பார்டர் பரோட்டாவைக் கொஞ்சம் குறைச்சாப் போதும். டாக்டர் புத்தியைக் காட்டிட்டான்னு நினைக்காதீங்க, கணக்கு கணக்குதான். சுகரும் பிரஷரும் குறையறது போனஸ்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு பண்ணுவாங்க. பின்னால குண்டு டயர் போடுறது. பாக்க சூப்பர் பைக் மாதிரி இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா சுத்துற எடை கூடும், இழுவை குறையும், ரிம்முக்குப் பொருந்தாம டயர் வடிவம் மாறி வளைவுல வண்டி சாயவே யோசிக்கும். பிக்கப் வேணும்னு சைலன்சருக்குக் காசு கொடுத்துட்டு, அதைக் குறைக்க டயருக்கும் காசு கொடுக்கிறோம்.

போர் கிட் போட்டு சிசி ஏத்துறது, கம்ப்ரஷன் கூட்டுறது எல்லாம் உண்டு. அதுலதான் நிஜமாவே குதிரை கூடும். ஆனா சூடும் அதே அளவு கூடும், இன்ஜின் ஆயுள் குறையும், ஆர்சியில இருக்கிற சிசி மாறிரும். அதுக்கு சட்டத்துல என்ன பேருன்னு கீழ வர்றேன்.

இப்போ என் டிபார்ட்மெண்ட்.

பவர் கூட்டின வண்டியில பிரேக்கை யார் கூட்டினது? இதுவரைக்கும் ஒரு பையன்கூட என்கிட்ட "சார், வண்டி சீக்கிரம் நிக்கணும், என்ன போடலாம்?"னு கேட்டது கிடையாது. கணக்கைப் பாருங்க. 60-ல போறவன் ஆபத்தைப் பாத்து கை பிரேக்குக்குப் போக ஒரு செகண்ட் ஆனா அதுக்குள்ள 17 மீட்டர் போயிருப்பான். நல்ல ரோட்டுல பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 23 மீட்டர். மொத்தம் 40. அதே ஆள் 100-ல போனா? கை போறதுக்குள்ள 28, நிக்க 64. மொத்தம் 92 மீட்டர். வேகம் ஒண்ணேமுக்கால் மடங்கு கூட இல்ல, தூரம் ரெண்டேகால் மடங்கு. மோதுற சக்தி கிட்டத்தட்ட 2.8 மடங்கு. இது காய்ஞ்ச ரோட்டுக் கணக்கு. நம்ம ஊரு சீசன் ரோடு தெரியும்ல? முதல் சாரல் விழுந்ததும் ரோட்டுல படிஞ்ச ஆயிலும் தூசியும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிரும். அருவிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு நடு ரோட்டுல நடக்கிற ஜனம். ஐந்தருவி பக்கம் குரங்கு. புளியரை எஸ் வளைவுல கேரளா லாரி. செங்கோட்டை கணவாய் வழியா ஆடி மாசம் பக்கவாட்டுல அடிக்கிற காத்து.

ரெண்டு சீசனுக்கு முன்னாடி ஒரு பையன் வந்தான். 24 வயசு, கொத்தனார். சைலன்சர், ரீமேப், குண்டு டயர் எல்லாம் போட்ட வண்டி. முன் பிரேக் பேட் தேய்ஞ்சு இரும்பு தெரிஞ்சதாம், அடுத்த சம்பளத்துல மாத்தலாம்னு விட்டிருக்கான். லேசான தூறல், திருப்பத்துல வண்டி சறுக்கி வலது தோள்பட்டை போய் கல்லுல இடிச்சிருக்கு. ஹெல்மெட் போட்டிருந்தான், தலைக்கு ஒண்ணும் ஆகல. எலும்பும் பெருசா ஒண்ணும் இல்ல. அவங்க அப்பா சாமிக்கு நேந்துக்கிட்டாரு. ஆனா வலது கை தொங்குச்சு. தோளும் அசையல, முழங்கையும் மடங்கல, விரலும் வரல.

பிரேக்கியல் பிளெக்சஸ்னு சொல்லுவோம். கழுத்துல தண்டுவடத்துல இருந்து அஞ்சு நரம்பு வேர் கிளம்பி, பின்னிப் பிரிஞ்சு, மொத்தக் கைக்கும் போகுது. பைக்ல இருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டா இந்த வேர் இழுபடும், அறுபடும், சில சமயம் தண்டுவடத்துல இருந்தே பிடுங்கிக்கிட்டு வந்துரும். செடியை வேரோட பிடுங்குற மாதிரி. பைக் விபத்துல வர்ற காயங்கள்ல இது தனி ரகம். ஆளு பிழைச்சிருவான், நடப்பான், பேசுவான், கை மட்டும் வராது.

50 கிலோமீட்டர் தள்ளி ஹைகிரவுண்டுக்கு அனுப்பினோம். அங்கிருந்து மேல போய் நரம்பு ஆபரேஷன். இந்த ஆபரேஷனை மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள பண்ணினாத்தான் பலன் நல்லா இருக்கும். பண்ணின பிறகு நரம்பு வளரணும். வளர்ற வேகம் ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர். கழுத்துல இருந்து விரலுக்கு 70 சென்டிமீட்டர்னா நீங்களே கணக்குப் போடுங்க, ரெண்டு வருஷம் வருது. அதுக்குள்ள கட்டளை வராத தசை சுருங்கிப் போயிரும். நரம்பு வந்து சேரும்போது வாங்கிக்க ஆள் இருக்காது. அதனாலதான் இதுல முழங்கையை மடக்க வைக்கிறதுக்கு முதல்ல போராடுவாங்க, விரலைக் கடைசியாத்தான் எதிர்பாப்பாங்க.

அவன் வண்டி 60-ஐத் தொட நாலு செகண்ட் சொச்சம்தான் எடுத்துக்குமாம். என்கிட்டயே பெருமையாச் சொல்லியிருக்கான், அடிபட்ட பிறகு.

இப்போ முழங்கை மடங்குது. விரல் வரல. இடது கையில கரண்டி பிடிச்சுப் பூசிப் பழகிக்கிட்டு இருக்கான். சம்பளம் கொத்தனார் சம்பளம் இல்ல, கையாள் சம்பளம். கல்யாணத்துக்குப் பாத்திருந்த பொண்ணு வீட்டுல பேச்சை நிறுத்திட்டாங்க.

அடுத்தது சேலை கார்டு. எடையைக் குறைக்கிறேன், அழகா இருக்கணும்னு முதல் வேலையா இதைத்தான் கழட்டுவாங்க. ஒண்ணு ரெண்டு கிலோ இருந்தாலே அதிகம். மத்திய மோட்டார் வாகன விதி 123-படி பின்னால உக்காருறவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைக்கிற தடுப்பு மூணும் கட்டாயம். ஏன் இப்படி ஒரு விதின்னு தெரியணும்னா கேசுவாலிட்டிக்கு வாங்க. துப்பட்டா சக்கரத்துல சிக்கினா கழுத்தைத்தான் இழுக்கும். ஓட்டுறவனுக்குத் தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். சின்னப் பிள்ளை கால் ஸ்போக்ல போனா குதிகால் சதை அப்படியே உரிஞ்சு வரும், தோல் வச்சு ஒட்டி, நடந்து பழக மாசக்கணக்காகும். இந்தத் தடுப்பைக் கழட்டின பையன் பின்னால தங்கச்சியை உக்கார வச்சுக்கிட்டுதான் காலேஜுக்குப் போறான்.

சைலன்சர் சூடும் அப்படித்தான். கம்பெனி சைலன்சர்ல தடுப்புத் தகடு இருக்கும். வெளியில வாங்குற மலிவான குழாய்ல பல சமயம் இருக்காது. சீசன்ல வலது கெண்டைக்காலுல முட்டை வடிவத்துல கொப்புளத்தோட வந்தா, எங்க சிஸ்டர் கதையே கேக்க மாட்டாங்க, "யார் வண்டி?"னு மட்டும்தான் கேப்பாங்க. அதுல மஞ்சள், பேஸ்ட், இங்க் எதையும் பூசாதீங்க. குழாய்த் தண்ணியை இருபது நிமிஷம் விடுங்க, சுத்தத் துணியால மூடி வாங்க.

சத்தம் பத்தி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்னு 2000-ம் வருஷ ஒலி மாசு விதியே சொல்லுது. ராத்திரி 40 டெசிபல்தான் அனுமதி. ராத்திரி ரெண்டு மணிக்கு கேட் முன்னாடி பட்டாசு மாதிரி வெடிச்சுக்கிட்டுப் போறாங்க. உள்ள எடை குறைஞ்சு பிறந்த பிள்ளைங்க கையை விரிச்சுத் தூக்கிப் போடுதுங்க. தூங்கவச்ச அம்மா என்னைப் பாக்குறாங்க, நான் யாரைப் பாக்க?

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி சொன்னதுல இருந்து மாறக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிட்டது. மீறினா 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். சத்தம், புகை அளவு மீறினா 190(2), 10,000 வரை அபராதம், மூணு மாசம் லைசென்சும் போகலாம். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு வண்டி கொடுத்தா 199ஏ, பெத்தவங்களுக்கு 25,000 அபராதமும் மூணு வருஷம் வரை சிறையும். அப்புறம் இன்சூரன்ஸ். சொல்லாம மாத்தின வண்டி அடிபட்டா சொந்த வண்டிச் சேதத்துக்கு கம்பெனிக்காரங்க கையை விரிக்க வழி கிடைச்சிரும்.

"அப்போ பவர் மேல ஆசைப்படறதே தப்பா சார்?"னு கேப்பீங்க. தப்பே இல்ல. அதுக்கு இடம் இருக்கு, அதுவும் நம்ம தமிழ்நாட்டுலயே. அந்தக் காலத்துல சோழவரத்துல, ரெண்டாம் உலகப் போர் விமான ஓடுதளத்துல ரேஸ் நடக்கும். 1990-ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில டிராக் இருக்கு. கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரிவரதன் பேர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே. ஓசூர் டிவிஎஸ்ஸோட ரேசிங் பிரிவு 1982-ல இருந்து இயங்குது, இங்க ஓட்டிப் பழகி ஆசிய அளவுல போன பசங்க உண்டு. அங்கயும் பைக்கை மாத்துறாங்க, நம்மளை விட அதிகமாவே மாத்துறாங்க. ஆனா முதல்ல பிரேக், டயர், சஸ்பென்ஷன், அப்புறம்தான் இன்ஜின். எதிர்ல லாரி வராது. உடம்பு பூரா தோல் சூட். டாக்டரும் ஆம்புலன்சும் இல்லாம ரேஸ் தொடங்காது. ரேஸ் பயிற்சி வகுப்பு ஒரு நாள் போய்ப் பாருங்க. பிரேக் பிடிக்கிறதை நமக்கு யாரும் சொல்லியே கொடுக்கலன்னு அன்னைக்குத்தான் தெரியும்.

2022-ல இந்தியா பூரா சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசு அறிக்கை. அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. தமிழ்நாட்டுல மட்டும் 17,884 சாவு. எங்க ரிஜிஸ்டர்ல இருக்கிற எழுத்தெல்லாம் இந்தக் கணக்குலதான் போய்ச் சேருது.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான், ஓபி சீட்டுக்குப் பின்பக்கத்துல: முழு சர்வீஸ், வால்வு உட்பட. புது செயின் செட். முன்னால பின்னால நல்ல டயர், கம்பெனி அளவுலயே. ரெண்டு பக்கமும் பிரேக் பேட், பிரேக் ஆயில். அவன் வண்டி 2018 மாடல், ஏபிஎஸ் கிடையாது, அதனால காலியான மைதானத்துல பிரேக் பிடிச்சுப் பழக ரெண்டு ஞாயித்துக்கிழமை. ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட், தாடைக்குக் கீழ பட்டையை மாட்டணும், பெட்ரோல் டேங்குக்கு மேல வைக்கக் கூடாது. ஒழுங்காப் போட்ட ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்குதுன்னு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தவங்க சொல்லியிருக்காங்க. தோள், முழங்கை, முட்டிக்கு பேட் வச்ச ஜாக்கெட், கிளவுஸ். 30,000-க்குள்ள முடியும், கொஞ்சம் மிச்சமும் வரும். அந்த மிச்சத்தை அம்மாகிட்ட கொடுன்னேன். முறைச்சான்.

கடைசியா சீசனுக்கு வர்ற எல்லாருக்கும். யாராவது விழுந்து கிடந்தா 108-க்குக் கூப்பிடுங்க. ஹெல்மெட்டைச் சட்டுன்னு பிடுங்காதீங்க, மூச்சு விடச் சிரமப்பட்டா மட்டும் ஒருத்தர் கழுத்தைத் தாங்க இன்னொருத்தர் மெதுவாக் கழட்டுங்க. கையக் காலைப் பிடிச்சு ஆட்டோவுக்குள்ள மடக்கித் திணிக்காதீங்க. தண்ணி, சோடா வாயில ஊத்தாதீங்க. கொண்டு வந்து சேர்க்கிறவங்களைப் பேர், விலாசம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, 134ஏ பிரிவு உங்களைக் காப்பாத்தும். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. எந்த ஊர்க்காரரா இருந்தாலும், கார்டு இருந்தாலும் இல்லாட்டாலும், விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சை திட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரிகள்ல இலவசம். கேரளாக்காரங்களுக்கும் சேத்துத்தான், பார்டர்ல இருந்து படிக்கிற சேட்டன்மார் கவனிங்க.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. நைட் டூட்டி, ராத்திரி லேட்டாத்தான் பதில் போடுவேன். எந்த சைலன்சர் நல்லதுன்னு மட்டும் இன்பாக்ஸ்ல கேக்காதீங்க.